குரங்கு கடித்தால் உண்டு, குங்குமம் வைத்தால் இல்லை

எனக்கு வாய் நீளம். வீட்டில், போர்ட் கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், கொமுட்டர் ரயிலில் என் பக்கத்தில் உட்கார நேர்ந்த அப்பாவிகளிடத்தில், எங்கே விசாரித்தாலும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. என் தங்கைக்கு வாயே இல்லை. கடவுள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாயைக் கொடுத்தார், மூத்தவள் முந்திக்கொண்டாள் என்று அம்மா சொல்வார். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் ‘சாரி’ சொல்கிற ரகம் அவள்.

அப்படிப்பட்டவள்தான் புருஷனை விட்டு வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து, தோசை மாவு அரைத்து விற்கப் போகிறேன் என்றாள். ரவாங்கில் இருக்கும் எங்கள் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. “தனியா இருந்து என்ன சாதிக்கப் போற? எங்க வீட்டுல பின்னால ரூம் சும்மாதான் கிடக்கு. வந்து பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு இரு,” என்றார். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த அறையோடு அவர் வீட்டுச் சமையலும், துணிமணியும், மூன்று வாண்டுகளும் சேர்ந்து வரும் என்பது எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். தங்கைக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் வாயில்லாத பிள்ளை முதல் தடவையாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மாட்டேன் என்றாள்.

மாவு அரைக்கப் பெரிய கிரைண்டர் வேண்டும், சாய்த்து ஊற்றுகிற வகை. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், நகைக்கடைக்கும் புடவைக்கடைக்கும் நடுவில் ஒரு பெரிய மின்சாமான் கடை இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் அங்கே ஒரு புரோமோட்டர் தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் சொந்தக்காரர்கள் ஆக்கிக்கொள்வான். “வாங்க அக்கா, வாங்க அங்கிள், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்,” என்பான். மூன்று தீபாவளிக்கு முன்னால் அவன் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

கிரைண்டரைக் காட்டிய கையோடு, கடையின் சொந்தப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை எடுத்துவிட்டான்.

“அக்கா, கம்பெனி வாரண்டி ஒரு வருசத்துல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் நாலு வருசம் நாங்க பாத்துக்கிறோம். முழுப் பாதுகாப்பு. நீங்க கண்ண மூடிக்கிட்டுத் தூங்கலாம்.”

“தூங்கிட்டா மாவு யாரு அரைக்கிறது?” என்றேன் நான்.

அவன் என்னை விட்டுவிட்டுத் தங்கை பக்கம் திரும்பிக்கொண்டான். விற்கிறவனுக்கு எந்த முகத்தைப் பார்த்துப் பேசினால் காரியம் நடக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“மின்னல் அடிச்சா கவர். எலி வயரக் கடிச்சா கவர். குரங்கு வந்து கடிச்சாக்கூட கவர் அக்கா. ரிப்பேர் பண்ண முடியலன்னா ஒன் டு ஒன் எக்ஸ்சேஞ்ச், மெஷினையே மாத்திக் குடுத்துருவோம்.”

“வியாபாரத்துக்குத்தான் வாங்குறேன். பரவாயில்லயா?” என்று தங்கை கேட்டாள்.

“அதுக்குத்தான அக்கா பிளானே.”

“பிரிக்பீல்ட்ஸ்ல ஏது தம்பி குரங்கு?” என்றேன்.

“வந்தா கவர் லா அக்கா,” என்றான், கொஞ்சமும் அசராமல்.

தங்கை குரங்கை நம்பினாள். குரங்குக்கே பொறுப்பு எடுத்துக்கொள்கிறவர்கள் மற்றதற்கு எடுக்கமாட்டார்களா என்று அவளுக்கு ஒரு கணிப்பு. பில் யார் பெயரில் என்று கேட்டபோது, “என் பேர்லயே,” என்றாள். காதில் விழாமல் அவன் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். பள்ளிக்கூடம் சேர்த்தது அப்பா பெயரில், குடியிருந்த வீடு புருஷன் பெயரில், கைப்பேசிகூட அண்ணன் பெயரில். அவள் பெயரில் அவளே வாங்கிய முதல் சாமான் அந்தக் கிரைண்டர்தான். கையெழுத்துப் போடும்போது பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மெஷின் தங்கையின் கடைவீட்டுக்கு வந்த அன்று கழுவித் துடைத்து, சந்தனம் குழைத்து, மோட்டார் இருக்கும் இரும்புப் பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டு, சூடம் காட்டினோம். இதில் என்ன அதிசயம்? எங்கள் ஆட்கள் யார்தான் செய்யாமல் இருக்கிறார்கள்? ஆயுத பூஜை அன்று எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்கூடப் பட்டையும் பொட்டுமாகத்தான் நிற்கும். தங்கை அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பாள். மெஷினும் சுமங்கலி மாதிரி அரைத்துத் தள்ளியது. பிரிக்பீல்ட்ஸில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் அவளிடம் மாவு வாங்க ஆரம்பித்தன. அண்ணன் அந்தப் பின்னறையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

போன வருடம் புரட்டாசி. நம் ஆட்கள் பாதிப் பேர் சைவத்துக்கு மாறிவிடும் மாதம், தோசைக்குத் தலைகீழாக நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து, உளுந்து பாதி அரைந்துகொண்டிருக்கும்போது கிரைண்டர் ஒரு உறுமு உறுமி, கருகல் வாடை விட்டு, நின்றுவிட்டது. தங்கை பதறவில்லை. கம்பெனி வாரண்டி முடிந்தால் என்ன, கடையின் திட்டம் இருக்கிறதே. போன் போட்டாள். ஒரு ஆள் வந்தார், மரியாதையான ஆள்தான். மெஷினைச் சுற்றி வந்து, எதையும் திறக்காமல், பொட்டு வைத்த பெட்டியை மட்டும் பக்கத்தில் போய்ப் போட்டோ எடுத்தார். “ஆபீஸ்ல சொல்லுவாங்க அக்கா,” என்று போய்விட்டார். அவர் நெற்றியிலும் விபூதி இருந்ததாம்.

ஆபீஸில் சொன்னார்கள். தங்கையின் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. இயந்திரத்தின் மேல் அந்நியப் பொருள் பூசப்பட்டிருக்கிறது, இது வாடிக்கையாளரின் தவறு, ஆகவே திட்டம் செல்லாது. அந்நியப் பொருளாம்! சந்தனத்தையும் குங்குமத்தையும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மகராசன் யாரென்று பார்க்க எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது.

நான் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள், தமிழ்ப் பிள்ளை.

“சந்தனம் மோட்டாருக்குள்ள போச்சுன்னு யாரும்மா பாத்தது? தொறந்து பாத்தாங்களா?”

“போட்டோவுல தெரியுது மேடம்.”

“என் நெத்தியிலயும்தான் பொட்டு தெரியுது. அப்ப எனக்கும் மூளை எரிஞ்சு போச்சா?”

“நான் அப்படிச் சொல்லல மேடம்.”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். எந்தப் பக்கம் பிடித்தாலும், “மேலிடத்துக்கு எழுதி வைக்கிறேன் மேடம்” என்று வழுக்கிக்கொண்டு போனாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே வரம் கொடுப்பதாக மைக்கில் கத்தியவனும் பூசாரியும் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்.

தங்கை மிக்சியில் அரைத்துப் பார்த்தாள். மிக்சி சூட்டில் மாவு பொங்கவே இல்லை. இட்லி, சுவரில் எறிந்தால் திரும்பி வரும் போலிருந்தது. மூன்று கடைகளில் ஒன்று ஜெஞ்சாரோம் ஊரில் வேறொருவரிடமிருந்து மாவு எடுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு கடைக்காரர், “இந்த வாரம் பாக்குறேன்மா, அதுக்கு மேல என்னால முடியாது,” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தச் செய்தி எப்படியோ ரவாங்குக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் கூப்பிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியின் லோரியை எடுத்துக்கொண்டு வருகிறேன், சாமான்களைக் கட்டி வை என்றார். பின்னறையில் விசிறிகூட மாட்டிவிட்டாராம். தங்கை “சரிண்ணே” என்றாளா, “ம்” என்றாளா தெரியவில்லை. இரண்டும் அவளிடம் ஒன்றுதான்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். சாமி படத்துக்கு விளக்கு எரிந்தது. ஆனால் கிரைண்டரில் பொட்டு இல்லை, பழைய பொட்டுகளைச் சுரண்டித் துடைத்திருந்தாள். தராசில் இல்லை, அரிவாள்மணையில் இல்லை, காய் நறுக்கும் கத்தியில்கூட இல்லை.

“என்னடி இது, ஆயுத பூஜையும் அதுவுமா?”

“பயமா இருக்குக்கா,” என்றாள். “நான் வச்ச பொட்டாலதான மெஷின் போச்சு. என் கை ராசி அப்படி. அண்ணன் சொல்றது சரிதான்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மோட்டார் எரிந்தது போகட்டும். கத்திக்குப் பொட்டு வைக்கப் பயப்படுகிற அளவுக்கு ஒரு போட்டோவையும் ஒரு செய்தியையும் வைத்து அவளை ஆக்கிவிட்டார்களே! நாளைக் காலையில் கிள்ளானுக்கு வா, கடைக்குப் போகிறோம் என்றேன். எதற்கு அக்கா சண்டை என்றாள். சண்டை இல்லை, சும்மா விசாரிப்போம் என்று சொல்லி வைத்தேன். ராத்திரி முழுக்கப் படுக்கையில் கிடந்து வசனம் மனப்பாடம் பண்ணினேன்.

மறுநாள் அந்த வசனம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கண்ணாடிக் கதவில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. உள்ளே போனால் ஃபிரிட்ஜுகள் வரிசையாக நெற்றியில் பொட்டோடு நிற்கின்றன. சலவை இயந்திரங்களுக்குப் பொட்டு. அடுப்புகளுக்குப் பொட்டு. ஆளுயரத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குச் சரியாக மூக்கின் மேல் ஒரு பொட்டு. கல்லாவில் பணம் கட்ட அட்டை தேய்க்கும் மெஷினைக்கூட விடவில்லை. முதல் நாள் இரவு யாரோ ஒரு புண்ணியவான் கிண்ணமும் கையுமாகக் கடை முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தங்கையின் கையை அழுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, வேணாம்கா,” என்றாள். என் முகம் அந்த மாதிரி மலர்ந்தால் என்ன நடக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

ஒரு குடும்பம் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, கல்யாணம் நிச்சயமான மகள். புரோமோட்டர் தம்பி மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களுக்குத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தான். குரங்கு வரை வந்துவிட்டான். நான் அந்த ஃபிரிட்ஜின் பொட்டைக் கிட்டே போய்ப் பார்த்து, எழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி உச்சுக்கொட்டினேன்.

“இதையா எடுக்கப் போறீங்க? பாவம், பொட்டு வச்சிட்டாங்களே. இனிமே வாரண்டி செல்லாதே.”

அந்த அம்மாள் திடுக்கிட்டார். “என்னம்மா சொல்றீங்க?”

தங்கையின் கைப்பேசியை வாங்கிச் செய்தியைக் காட்டினேன். மகள் படித்துத் தமிழில் சொன்னாள். அப்பா புரோமோட்டர் பக்கம் திரும்பினார்.

“இது உங்க கடை அனுப்புனதா தம்பி?”

“அது வேற அங்கிள், இது வேற.”

“எது வேற?” என்றேன். “அது பிரிக்பீல்ட்ஸ் சந்தனம், இது கிள்ளான் சந்தனமா?”

“அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்க.”

“மெதுவாத்தான் பேசுறேன். நீதான தம்பி சொன்ன, குரங்கு கடிச்சாக்கூட கவர்னு? குரங்கு கடிச்சா கவர், குங்குமம் வச்சா கவர் இல்லையா?”

சத்தியமாக நான் மெதுவாகத்தான் பேசினேன். ஆனால் தம்பி மார்போடு அணைத்திருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தான். வாசலில் இருந்த ஒலிபெருக்கி, குரங்கையும் குங்குமத்தையும் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். புடவைக்கடையிலிருந்து இரண்டு பெண்கள் கையில் புடவையோடேயே வந்து நின்றார்கள். நான் சலவை இயந்திரத்துக்குப் போய், “அச்சச்சோ, இதுக்கும் போச்சு,” என்றேன். அடுப்புக்குப் போய், “இது நல்லா இருந்துச்சு, இதையும் கெடுத்துட்டாங்க,” என்றேன். செய்தி வாசிக்கிற பெண்ணுக்காக நான் நிஜமாகவே வருத்தப்பட்டேன். கூட்டம் என் பின்னாலேயே வந்தது.

மெனேஜர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், முகத்தில் மட்டும் மங்களம் இல்லை. எங்களை ஓரமாக அழைத்துப்போய் உட்கார வைத்து, ஜில்லென்று எதையோ குடிக்கக் கொடுத்து, என்னைப் பார்த்தே பேசினார். தவறு நடந்துவிட்டது என்றும் சொல்லவில்லை, நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் சோறாவது கொஞ்சம் நிறையப் போட வேண்டாமா? தண்ணீர் காய்ச்சும் கேத்தல் ஒன்று இலவசமாகத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சரி, மோட்டார் மாற்றித் தருகிறோம், ஆனால் பார்ட்ஸ் தீபாவளி முடிந்துதான் வரும் என்றார். தீபாவளி முடிந்து வந்தால் அந்த மோட்டாரை ரவாங் பின்னறையில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். முடியாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, தங்கையை ஒரு தடவையும் பார்க்காமலே கேட்டார்.

“வீட்டுல அண்ணன் தம்பி யாரும் வரலயாக்கா? ஆம்பளைங்க வந்தா உக்காந்து பேசி முடிச்சிரலாம்.”

நான் வாயைத் திறந்தேன். நல்ல பதிலாக நாலைந்து வரிசையில் நின்றன. அதற்குள் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணன் ரவாங்ல இருக்காரு சார். மெஷின் என் பேர்ல இருக்கு. என்கிட்டப் பேசுங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை யாரும் மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை. மெனேஜர் திரும்பி அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

“ரிப்பேர் இப்ப முடியாதுன்னா ஒன் டு ஒன் எக்ஸ்சேஞ்ச் குடுக்கணும்,” என்றாள். “இந்தத் தம்பிதான் சொன்னாரு.”

தம்பி கூரையில் இருக்கிற மின்விசிறியைப் புதிதாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த மாடல் ஸ்டாக் இல்லக்கா. டிஸ்பிளே பீஸ் ஒண்ணுதான் இருக்கு.”

“அதையே குடுங்க.”

மெனேஜர் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஃபிரிட்ஜ் குடும்பம் இன்னும் போகவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, முடிவு தெரியாமல் நகரமாட்டேன் என்கிற மாதிரி நின்றார். மெனேஜர் தலையை ஆட்டினார். இன்றைக்கே லோரியில் அனுப்புகிறோம் என்றார்.

பார்வைக்கு வைத்திருந்த மேடையிலிருந்து கிரைண்டரை இறக்கிக்கொண்டிருக்கும்போது தங்கையின் கைப்பேசி அடித்தது. அண்ணன். அட்டைப் பெட்டிகள் போதுமா, இன்னும் கொண்டுவரவா என்று கேட்டிருக்கிறார்.

“வேணாம்ணே. லோரியும் வேணாம். கடை லோரியில மெஷின் வருது,” என்றாள். அந்தப் பக்கம் நீளமாக என்னவோ பேசினார். “இல்லண்ணே, நான் வரல. விசிறிய நீங்களே போட்டுக்கிட்டுப் படுங்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு ஆச்சரியத்தில் விக்கல் வந்தது.

கிரைண்டரைத் தரையில் வைத்தார்கள். அதன் இரும்புப் பெட்டியின் நெற்றியில், முதல் நாள் பூஜையில் வைத்த பொட்டு இன்னும் காய்ந்தும் காயாமல் இருந்தது. மெனேஜர் எங்கிருந்தோ ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“தொடைக்காதீங்க சார்,” என்றாள் தங்கை.

“இல்லக்கா, சுத்தம் பண்ணிக் குடுக்கிறதுதான் மொறை.”

“வேணாம். அது நான் வச்ச பொட்டு இல்ல. நீங்க வச்சது. அப்படியே இருக்கட்டும்.”

மெனேஜரின் கை அந்தரத்தில் நின்றது. தங்கை என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, ஃபோன எடு. சார் மெஷின் பக்கத்துல நிக்கட்டும். பொட்டு நல்லா தெரியிற மாதிரி எடுக்கணும்.”

அவர் நின்றார். வேறு என்ன செய்வார்? படத்தில் கிரைண்டர் நெற்றியில் ஒரு பொட்டும் அவர் நெற்றியில் ஒரு பொட்டும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. தங்கை அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாவு அரைக்கிற இடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். இப்போது கத்திக்கும் தராசுக்கும் பொட்டு வைக்கிறாள். முதல் வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்கும் ஒன்று வைக்கப் போனாள். உயிரோடு இருக்கிற மனுஷன், வேண்டாம்டி என்று நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.